மீட்டரை மட்டும் நம்பி ஆட்டோ வாங்காதீங்க

(தோட்ட மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்த கையோடு வந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காமல் பேசுறேன்.

பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் சேமலாப நிதிப் பணம் கைக்கு வருது. நம்ம சம்பளத்தில் நூற்றுக்கு 8, தோட்டம் போடுற 12, இப்படி மாசாமாசம் சேர்ந்த காசு. வந்த மறுவாரமே மகன், "அம்மா, ஒரு ஆட்டோ எடுப்போம்" என்கிறான். தப்பில்லை, அவனும் பிழைக்கணும். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினதும் பழைய வண்டிகளின் விலை ஏறிப்போச்சு. 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகும் புது வண்டி நம்ம கைக்கு எட்டல்ல.

நம்ம டிவிஷன் அக்கா ஒருத்தர், கல்முனையில் விலை கொஞ்சம் இறக்கம் என்று கேள்விப்பட்டு, மகனையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். புரோக்கர் காட்டின ஆட்டோவுக்கு ஏழு வயசு. மீட்டரில் 31,000 கிலோமீற்றர். "வீட்டுப் பாவனை தம்பி, ஸ்கூலுக்குப் புள்ளைகளை ஏத்தினது மட்டுந்தான். இன்னொரு ஆள் அட்வான்சோட வாறார்" என்றார். பெயின்ட் பளபளக்குது. பையன் அப்பவே ஏறி உட்கார்ந்துவிட்டான்.

நான் டீ குடிச்சிட்டு வாறோம் என்று சொல்லி, சாய்ந்தமருதில் ஒரு கராஜ் காக்காவைக் கையோடு அழைத்து வந்தேன். அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. பிரேக் பெடலைப் பார்த்தார். ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. பின்சீட்டில் ஏறுகிற இடத்தில் தகரம் தேய்ந்து பள்ளம். அதுக்குப் பிறகுதான் மீட்டர். ஆணித் தலைகளில் கீறல், உள்ளே இலக்கங்கள் ஒரு வரிசையில் இல்லை.

"ஹயர் ஓடின வண்டி ஒரு நாளைக்கு 60 கிலோமீற்றர் ஓடாதா?" என்று கேட்டார். வருஷத்தில் 300 நாள் ஓடினால் 18,000. ஏழு வருஷத்துக்கு 126,000. புரோக்கர், "பழைய மீட்டர் உடஞ்சி மாத்தினதுதான்" என்றார். மாற்றுவது நடக்கிற விஷயம்தான். அப்படியானால் பில்லைக் காட்டணும். பில் இல்லை.

காக்கா கால்மிதியையும் தூக்கினார். கடல்காற்றில் தகரம் துருப்பிடித்து, விரல் வைத்தால் உதிருது. 2024 நவம்பரில் அந்தக் கரையோரத்தில் பெரிய வெள்ளம் வந்தது. அதனால் லைட் கூடுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் சேறு காய்ந்திருக்கா என்று பார்க்கச் சொன்னார். "குறையை மறைச்சி விக்கிறது எங்கட மார்க்கத்தில ஹராம் தம்பி" என்று முணுமுணுத்தார். கூலி கொடுத்தேன், டீக் காசு மட்டும் எடுத்தார்.

அடுத்தது புத்தகம். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பெனி பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீங்க. கடன் நின்றால் கம்பெனிக்காரன் வந்து நம்ம வாசலில் இருந்தே வண்டியைத் தூக்குவான். எஞ்சின் நம்பர், செசி நம்பர் இரண்டையும் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்க. "கையெழுத்துப் போட்ட ஃபோம் தாறன், ஆறுதலா பேர் மாத்துங்க" என்றால் சம்மதிக்காதீங்க. அந்த ஓப்பன் பேப்பரில் வண்டி நம்ம வாசலில் நிற்கும், உரிமை வேறொருத்தர் பேரில் இருக்கும். அட்வான்ஸ் கொடுத்தால், கராஜில் காட்டிக் குறை கண்டால் திருப்பித் தருவதாக எழுதி வாங்குங்க.

வேன் எடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. டிஜிட்டல் மீட்டரைக் கம்ப்யூட்டர் வைத்தே குறைக்கிறாங்க. ஜப்பான் வண்டி என்றால் அங்கே ஏலம் போன தாளைக் கேளுங்க, ஏலத்தன்று ஓடியிருந்த தூரம் அதில் இருக்கும்.

அன்றைக்குப் பையன் பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். மூணு மாசம் கழித்து பதுளையில் 94,000 ஓடின ஆட்டோ ஒன்றை, சர்வீஸ் பில்லோடு எடுத்தோம். இப்போது மேல் டிவிஷன் பிள்ளைகளை அதில்தான் ஸ்கூலுக்குக் கொண்டுபோறான். வாங்கப் போறவங்க எந்த ஞாயிற்றுக்கிழமையும் என் குவாட்டர்ஸுக்குப் புத்தகத்தின் போட்டோ கொப்பியோடு வாங்க, பார்த்துச் சொல்றேன்.