கட்டாயப் படைஞனும் களத்தின் முன்வரிசையும்

 

கட்டாயப் படைச்சேர்க்கை நடைபெறும் நாட்டில், அரசின் ஆணைத்தாள் வீட்டுக்கு வந்தவுடன் ஒரு தாய் கேட்கும் வினா ஒன்றே: "என் பிள்ளையைப் போர்க்களத்துக்கு அனுப்புவார்களா?" ஒரு படையில் சமைப்போரும், ஊர்தி பழுது பார்ப்போரும், கணக்கெழுதுவோரும் மிகப்பலர், ஆகவே அஞ்சற்க என்று ஆறுதல் கூறுவர். அது பொய்யன்று. அவ்வேலைகள் யாருக்குப் போய்ச் சேர்கின்றன என்பதைத்தான் கூறுவதில்லை.

வியத்நாம் போரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குப் பணியாற்றிய அமெரிக்கப் படையினருள் கட்டாயத்தால் சேர்க்கப்பட்டோர் ஏறத்தாழ நூற்றுக்கு 25 பேர். களத்தில் மாண்டோருள் அவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேர். வேறுபாடு சிறிதுதானே என்று இன்றும் சொல்வார் உளர். கடற்படை, வான்படை எல்லாவற்றையும் ஒன்றாய்க் கூட்டினால் அப்படித்தான் தோன்றும். துமுக்கி ஏந்தி முன்செல்லும் தரைப்படைக் காலாட்களை மட்டும் பிரித்துப் பாருங்கள்! 1969-இல் அவர்களுள் நூற்றுக்கு 88 பேர் கட்டாயப் படைஞரே. தரைப்படையின் களச்சாவுகளிலும் பாதிக்கு மேல் அவர்களுடையவாயின.

ஏன் இப்படி? தானே முன்வந்து மூன்றாண்டுக்குக் கையெழுத்திட்டவன் தன் தொழிலைத் தேர்ந்துகொள்ளலாம். இழுத்து வரப்பட்டவனுக்கோ ஈராண்டே பணி, தேர்வுரிமை இல்லை. ஈராண்டில் போய்விடுபவனுக்கு நெடிய தொழிற்பயிற்சி தருவது செலவு என்று படைத்துறை கருதிற்று. காலாட்பயிற்சிக்கு நான்கு திங்கள் அளவே போதும். வியத்நாமில் ஓராண்டுப் பணி. ஈராண்டுக்குள் இரண்டும் அடங்கிவிடும். அச்சத்தால் முந்திக்கொண்டு கையெழுத்திட்டோரும் பலர். அவர்களையும் 'விருப்பப் படைஞர்' என்றே பட்டியல் கூறும்! 1969 வரை பணியெண்ணின் முன்னெழுத்தே ஒருவன் எவ்வகையில் வந்தவன் என்பதைக் காட்டிக் கொடுத்தது.

கல்லூரி மாணவர்க்கு 1971 வரை விலக்கு இருந்தது. மாநிலக் காவற்படையில் இடம்பிடித்தவர் பெரும்பாலும் கடல் கடக்கவில்லை. 1966-இல் படைத்துறை அமைச்சர் மக்னமாரா தேர்வுத் தகுதியைத் தாழ்த்த, மூன்று இலக்கத்துக்கும் மேற்பட்டோர், முன்பாயின் தள்ளப்பட்டிருக்கக் கூடியவர், உள்ளே கொண்டுவரப்பட்டனர். பின்னர் நடுநிலை வேண்டுமென்று 1969 திசம்பர் 1-இல் பிறந்தநாட் குலுக்கல் நடத்தினர். 366 குப்பிகள்! அவையும் நன்கு கலக்கப்படாமையால், ஆண்டின் கடைத் திங்கள்களில் பிறந்தோரே முன்னெண்களில் மிகுதியாக அகப்பட்டனர். குலுக்கலைக்கூட ஒழுங்காகக் குலுக்கவில்லை.

சட்டம் காக்காதா எனலாம். பிரான்சு நாட்டைப் பாருங்கள். 1946 முதல் 1954 வரை நடந்த இந்தோசீனப் போருக்கு அந்நாடு தன் கட்டாயப் படைஞரை அனுப்பவில்லை. அடுத்து வந்த அல்சீரியப் போருக்கோ பத்து இலக்கத்துக்கும் மேற்பட்டோரை அனுப்பிற்று. அல்சீரியா அயல்நிலமன்று, பிரான்சின் பகுதியே என்பது அரசின் கூற்று. ஆகவே அங்கு நடந்தது 'போர்' அன்று, 'ஒழுங்கு காத்தல்'! சொல்லைத் திரித்தே இளைஞரைக் கப்பலேற்றினர். அதனைப் 'போர்' என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதியது 1999-இல்தான். சொல்லாராய்ச்சியை வேலையற்றோர் வேலை என்று நகைப்பவர், அந்த முப்பத்தேழு ஆண்டுகளை எண்ணிப் பார்க்கட்டும்.

அண்மைக்கு வருவோம். உக்ரைன் போரில் கட்டாயப் படைஞர் ஈடுபடவில்லை, ஈடுபடவும் மாட்டார் என்று 2022 மார்ச்சு 8-இல் உருசியத் தலைவர் புதின் உறுதி கூறினார். சிலர் ஆங்கு உளர் என்று மறுநாளே அவருடைய படைத்துறை ஒப்புக்கொண்டது. கட்டாயப் படைஞரை எல்லைக் காவலில் நிறுத்துதல் வழக்கம். அது போர்க்களம் ஆகாது என்பது கணக்கு. 2024 ஆகத்தில் உக்ரைன் படை குர்சுக்கு எல்லையைக் கடந்தது. அன்று முதலில் சிறைப்பட்டோருள் பலர் அந்தப் பிள்ளைகளே.