கடல் வழிவிடும் கோட்டை

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் சனி, ஞாயிறு விடுமுறையைக் குறைந்த செலவில் கடலோரத்தில் கழிப்பதற்கு அலிபாக்கைப் போலப் பொருத்தமான ஊர் அரிது. ஹார்பர் வழித்தட மின்ரயிலில் சென்று டாக்யார்ட் ரோடு நிலையத்தில் இறங்கி, பாவுச்சா தக்கா என்னும் படகுத்துறையில் ரேவஸ் படகைப் பிடித்தால், அக்கரையிலிருந்து அரசுப் பேருந்திலேயே ஊர்போய்ச் சேரலாம்.

அங்கே கடலுக்குள் எழுந்து நிற்கும் கொலாபா கோட்டை, சிவாஜி காலத்தில் அரண் செய்யப்பட்டு, பின்னர் மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயின் தளமாக விளங்கியது. வற்றம், அதாவது கடல்நீர் பின்வாங்கும் வேளையில், கணுக்கால் நனைய ஈரமணலில் நடந்தே அதன் வாயிலை அடைய முடியும். அவ்வேளை நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், புறப்படுமுன்பே நேரத்தைக் கேட்டறிவதும், நீர் ஏறுமுன் கரை திரும்புவதும் மிகமிக இன்றியமையாதவை. உப்புநீர் நாற்புறமும் சூழ்ந்த அக்கோட்டைக்குள் நன்னீர்க் கிணறு இருப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது.

பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் ஆய்வகமும் இவ்வூருக்கு உண்டு. பம்பாயில் வரவிருந்த மின்டிராம்கள் அளவீட்டைக் குலைக்குமென்பதால், அப்பணி தென்மும்பைக் கொலாபாவிலிருந்து 1904இல் இங்கு மாற்றப்பட்டது.

மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால், பயணத்தை அக்டோபருக்குப் பின் வைத்துக்கொள்வதே நல்லது.