அறிமுகமும் சிபாரிசும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பரீட்சை முடிந்து வீட்டிலிருக்கும் பிள்ளையைப் பார்த்து, "இனி என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால், நம்மூரில் பெரும்பாலும் இரண்டு விடைகளே வருகின்றன. "வர்த்தமானியில் வரட்டும், விண்ணப்பிக்கலாம்" என்பது ஒன்று. "பெரியவர் யாரையாவது பிடித்து எடுத்துத் தரவேண்டும்" என்பது மற்றொன்று. முன்னது காத்திருத்தல், பின்னது கையேந்துதல். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றுண்டு. அதுதான் விசாரித்தறிதல். அதனைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் நம் கண்முன் உள்ளதைப் பார்ப்போம். மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவே மணற்றரை. மீன்பிடியும் தோட்டச் செய்கையுமே நம் முன்னோர் கண்ட தொழில்கள். ஆயினும் 2010ஆம் ஆண்டில் இந்த மாம்புரிக் கரையிலேயே காற்றாலைகள் சுழன்று மின்சாரம் தரத் தொடங்கின. 2011இல் அயலூராகிய நுரைச்சோலையில் லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதல் இயந்திரம் இயங்கிற்று. 2014இல் மூன்று இயந்திரங்களுமாக அதன் வலு 900 மெகாவாற் ஆயிற்று. கற்பிட்டிக்கு டொல்பின் காணவும் கடற்காற்றில் விளையாடவும் பிறநாட்டார் வருகின்றனர்.

இவ்வளவும் நம் வாசலில் நடந்தவை. ஆனால், ஒரு காற்றாலையைப் பராமரிக்க எத்தகைய தொழிலாளர் வேண்டும், அவர்க்கு என்ன பயிற்சி வேண்டும், அப்பயிற்சி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? காற்றாலையை நாள்தோறும் பார்க்கிறோம். அதனுள் இருக்கும் தொழிலைப் பார்த்தோமில்லை. 2020 டிசம்பரில் மன்னாரில் 30 காற்றாலைகளுடன் தம்பபவனி திறந்துவைக்கப்பட்டது. இங்கே கற்ற கை அங்கேயும் உதவும் அன்றோ? ஒரு தொழில் எங்கே இருக்கிறது என்பதோடு, நாளை எங்கே போகிறது என்பதையும் அறிவதே வேலைச் சந்தையை ஆராய்தல் என்பது.

இனி, யாரிடம் விசாரிப்பது? உற்றார் உறவினரிடம் என்போம். இங்கேதான் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. அமெரிக்காவில் மார்க் கிரனோவெற்றர் என்ற சமூகவியலறிஞர், நியூற்றன் என்னும் நகரில் தொழில் மாறிய உத்தியோகத்தர்களை ஆராய்ந்து 1974இல் ஒரு நூல் வெளியிட்டார். பழக்கமானவர் மூலம் வேலை பெற்றவர்களுள், அடிக்கடி சந்திப்பவரிடமிருந்து செய்தி பெற்றோர் நூற்றுக்கு 17 பேரளவினரே. எஞ்சியோர்க்கெல்லாம் எப்போதாவது காண்பவரும் அரிதாகக் காண்பவருமே செய்தி கொடுத்தனர்.

காரணம் எளிது. ஒரே வாடியில் இருப்போர்க்கு ஒரே செய்திதான் தெரியும். நமக்குத் தெரியாதது அவர்க்கும் தெரியாது. தூரத்தில் வேலை செய்யும் பழைய வகுப்புத் தோழர், புத்தளத்துக் கடைக்காரர், சிலாபத்தில் ஒருமுறை சந்தித்த மேற்பார்வையாளர் ஆகியோரே வேறு கரையின் செய்தியைக் கொண்டு வருகின்றனர்.

"இதுவும் சிபாரிசு தானே?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. சிபாரிசு, தகுதியுள்ள வேறொருவரின் இடத்தை நமக்குப் பறித்துத் தருவது. அறிமுகம், நாம் தகுதி பெறவேண்டிய வழியைக் காட்டுவது. முன்னதில் "வேலை தாருங்கள்" என்கிறோம், கேட்கப்பட்டவர் சங்கடப்படுகிறார். பின்னதில் "உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறோம். அவர் மகிழ்ந்து பேசுகிறார். நாள்தோறும் என்ன செய்கிறீர்கள்? எதைப் படித்து இதற்குள் வந்தீர்கள்? புதியவரிடம் என்ன குறை காண்கிறீர்கள்? எந்தக் காலத்தில் ஆள் சேர்ப்பார்கள்? இன்னும் யாரைக் காணலாம்? இந்த ஐந்து கேள்விகளுக்குக் கால் மணி நேரம் போதும். ஐந்தாவது கேள்வியை மட்டும் மறவாதீர்கள். அதுவே அடுத்த கதவைத் திறப்பது. வந்தபின் நன்றி கூறி இரண்டு வரி எழுதுங்கள். நம் மாவட்டத்தில் சிங்களமும் பேசக் கற்றவர்க்குக் கதவுகள் இன்னும் பல.

விசாரித்தறிந்ததை நிரூபிக்கச் சான்று வேண்டும். தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் ஆண்டுக்கணக்காக இயந்திரம் திருத்தியவரும், தம் அனுபவத்தை மதிப்பிடச் செய்து தகைமை பெறலாம். கைத்தொழில் தெரிந்தும் காகிதம் இல்லாமையால் ஒதுங்கி நிற்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

வெளிநாடு செல்ல விழைவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 1985ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகிறதா என்று கேட்டறியாமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. அங்கே கேட்க வெட்கப்பட்டுப் பின்னர் நகையை இழந்து அழுவதிலும், முன்னரே நாலு கேள்வி கேட்பது மேல்.

முடிவாக, சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். வேலைச் செய்தி உறவின் வழியாகவே ஓடுமானால், உத்தியோகத்தில் உறவினர் இல்லாத வீட்டுப் பிள்ளை என்றும் வெளியே நிற்பான். தனியே சென்று விசாரிக்க முடியாத பெண்பிள்ளைகள் நிலை அதனினும் கடினம். ஆகவே வாசிகசாலையில் ஒரு பதிவேடு வையுங்கள். வெளியூரில் தொழில் புரியும் நம்மவர், அவரவர் சம்மதத்துடன், தம் தொழிலையும் தொடர்புகொள்ளும் வழியையும் அதில் எழுதட்டும். வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் வர்த்தமானியை ஒருவர் படித்து, நமக்குப் பொருந்தும் வெற்றிடங்களையும் முடிவுத் திகதியையும் பலகையில் எழுதட்டும். வேலை பெற்ற ஒவ்வொருவரும் அடுத்தவர்க்கு ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும்.

கரைவலையை ஒருவர் தனித்து இழுக்க முடியாது. பலர் கை சேர்ந்தால் கரை சேரும், பிடிபட்டதும் பங்காகும். வேலைச் செய்தியும் அவ்வாறே பங்காகட்டும்.