சுபாவமும் சமூகமும்



மனிதனுடைய சுபாவம் எத்தகையது, அதனைச் சமூகம் ஆக்குகிறதா, அடக்குகிறதா என்னும் பழைய வினாவை ஆராய்வதற்குப் பினாங்கினும் பொருத்தமான இடம் அரிது. 1786இல் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை ஏற்றிய இத்தீவில், பழைய பிட் தெருவை ஒட்டியும் அதனை அடுத்த குயின் தெருவிலுமாக, புனித ஜார்ஜ் ஆலயமும், சீனரின் குவான் யின் கோயிலும், மகாமாரியம்மன் கோயிலும், இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சிறு நடைத் தொலைவுக்குள் நிற்கின்றன. அவற்றைக் கட்டிய மக்களோடு மனிதனைப் பற்றிய அவர்தம் தத்துவங்களும் இங்கே அண்டை அயலாயின.

பொது அதிகாரம் ஒன்று இல்லையேல் மனிதர் ஒருவரையொருவர் அஞ்சிப் பகைத்தே வாழ்வர் என்று, உள்நாட்டுப் போரின் கொடுமையை அறிந்த ஆங்கிலேயரான ஹாப்ஸ் 1651இல் 'லெவியதான்' என்னும் நூலில் முடிவு கட்டினார். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டு பதறாத நெஞ்சம் இல்லை என்பதைச் சான்றாக்கி, நன்மையின் வித்து பிறவியிலேயே உண்டென்றார் சீன ஞானி மென்சியஸ். அவருக்குப் பின்வந்த சுன்சி, பிறவிக் குணம் தீயதே, கல்வியும் ஒழுக்கமுறையுமே அதனைத் திருத்துவன என்று மறுத்தார். அரபு அறிஞர் இப்னு கல்தூனோ, 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், உணவும் காவலும் தனியொருவனால் தேடிக்கொள்ள இயலாமையால் கூடிவாழ்தல் மனிதனுக்கு இன்றியமையாதது என்றும், கூட்டத்தைப் பிணைக்கும் ஒற்றுமையுணர்வு தளர்ந்தால் அரசுகளும் தளரும் என்றும் விளக்கினார்.

நம் முன்னோர் இவ்வினாவை வேறு திசையிலிருந்து அணுகினர். ஒருவனுடைய அறிவு அவன் மனத்தில் இருப்பதாகத் தோன்றினும் மெய்யாக அவன் சேர்ந்த இனத்திலேயே இருக்கிறது என்னும் கருத்தைச் சிற்றினஞ்சேராமை அதிகாரத்தில் வள்ளுவர் நிறுவினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த சைவ சித்தாந்தமோ, அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டும் படிகம்போல ஆன்மா தான் சார்ந்ததன் தன்மையை அடையும் என்றது.

இத்தத்துவம் ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு நம் சரித்திரமே பிரத்தியட்சப் பிரமாணம். இத்துறைமுகத்தில் வந்திறங்கி ரப்பர் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களைப் பணிவே இயல்பானவர் என்றும், குடிக்கு அடிமையானவர் என்றும் முதலாளிகள் பேசினர். ஆயினும் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்தவர் யார்? கங்காணியின் கடனும் துரையின் கட்டளையும் சூழ்ந்த லயத்து வாழ்விலே பணிவன்றி வேறெக்குணம் பிழைத்திருக்கும்? 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு, துரைமாரைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்படவேண்டும் என்றும் கேட்டனர். யுத்தத்துக்குப் பின் கெடாவில் தோன்றிய தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன்னே மறியல் செய்தனர். அடிமைச் சுபாவம் என்று கூறப்பட்டது, புதிய கூட்டுறவு வாய்த்த உடனே எங்கே போயிற்று? சமூகவியலறிஞர் சையத் ஹுசைன் அலாத்தாஸ், 'சோம்பேறிச் சுதேசி' என்னும் கட்டுக்கதையை ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட நூலில், மலாய், ஜாவா, பிலிப்பைன்ஸ் மக்களைப் பற்றிய இத்தகைய அபிப்பிராயங்கள் காலனி முதலாளித்துவத்தின் தேவைக்காகவே வளர்க்கப்பட்டன என்பதை நிலைநாட்டினார்.

சார்பினால் மனிதன் ஆகிறான் என்றால், அவன் சமூகத்தின் கைப்பொம்மை என்று கொள்ளலாகாது. படிகம் தன் சார்பைத் தேர்ந்துகொள்வதில்லை. மனிதனோ தேர்ந்துகொள்ள வல்லவன். தீய இனத்தைச் சேராதே என்று அறநூல் விதிப்பதே அவ்வாற்றல் அவனுக்கு உண்டென்பதை ஒப்புக்கொண்டுதான். ஆகவே, சார்பை மாற்றிக்கொள்ளும் இவ்வாற்றலையே மனித சுபாவத்தின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். அவ்வாற்றலைப் பயன்படுத்த இடமளிப்பதே நல்ல சமூகத்தின் இலக்கணம்.

இன்றும் ஓர் இனத்தையோ ஒரு சேரியின் இளைஞரையோ சுட்டி, "அவர்கள் இயல்பே அப்படி" என்று பேசும் வழக்கம் நம்மிடையே ஒழியவில்லை. இக்கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வந்துள்ள அறிஞர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: எவருடைய சுபாவத்தையும் தீர்ப்பிடுமுன், அவர் பயிலும் பள்ளியையும், பெறும் கூலியையும், வாழும் வீட்டையும், அவர்க்குக் கிட்டிய தோழமையையும் ஆராயுங்கள், அவற்றுள் நாம் மாற்றக்கூடியன எவை என்று துணிந்து உரையுங்கள். அந்நோக்கம் நிறைவேறுக என வாழ்த்தி, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.