எழுத்துக்கும் கூலி உண்டு

(கீழ்பென்னாத்தூரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் தொழிலில் இன்ஜினியர். வேலை நேரம் போக, சில வருஷங்களாக இணைய இதழ்களுக்குக் கட்டுரை எழுதி வருகிறேன். அது தெரிந்த தம்பிகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, எழுதினா காசு தருவாங்களா? நாமளே கேட்டா தப்பா நினைப்பாங்களோ?" அந்தக் கேள்விக்கே இன்றைக்குப் பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

பத்திரிகை தரும் பணத்துக்குத் தமிழில் 'சன்மானம்' என்று பெயர். பெரியவர்கள் மனமுவந்து கொடுப்பது சன்மானம். அதைக் கேட்டு வாங்குவது மரியாதை இல்லை. கூலி அப்படியல்ல. உழைத்தவன் உரிமையோடு கேட்பது அது. நம் ஆட்கள் கேட்கத் தயங்குவதற்கு இந்த ஒரு சொல்லே பாதிக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். புதுமைப்பித்தன் பேனாவை மட்டுமே நம்பியவர். பத்திரிகை வேலை பார்த்தார், பிறகு சினிமாவுக்கு எழுதப் புனே வரை போனார். காசநோயோடு திரும்பி, 1948-இல் 42 வயதில் காலமானார். சுஜாதாவோ நம்மைப் போல இன்ஜினியர். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே எழுதிக் குவித்தார். திறமையில் யாருக்கு யார் குறைந்தவர்? ஒருவருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது, மற்றவருக்கு வரவில்லை. எழுத்துக்குச் சரியான கூலி இல்லாத இடத்தில், வேறு வருமானம் உள்ளவர்தான் நிம்மதியாக எழுத முடியும். மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

சரி, எப்படிக் கேட்பது? முழுக் கட்டுரையையும் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீங்க. முதலில் ஆசிரியருக்குப் பத்துப் பன்னிரண்டு வரியில் யோசனையை எழுதுங்க. அந்த உலகத்தில் இதைப் 'பிட்ச்' என்கிறார்கள். நம்ம பாஷையில் சொன்னால் கொட்டேஷன்.

'கீழ்பென்னாத்தூர் பக்கத்து மல்லாட்டை விவசாயம்' என்றால் அது தலைப்பு மட்டும்தான். எந்த ஆசிரியரும் அதற்குப் பதில் போட மாட்டார். 'மல்லாட்டை ஆய வரும் பெண்களுக்கு எந்த ஊரில் கூலியைக் காசாகக் கொடுக்கிறார்கள், எந்த ஊரில் காயாகவே அளந்து கொடுக்கிறார்கள், எது அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது? மூன்று ஊரில் ஆறு பேரிடம் பேசித் தருகிறேன், அறுவடை முடிவதற்குள் முடித்துவிடுவேன்' என்று எழுதுங்க. அது பிட்ச். என்ன கேள்வி, யாரைப் பார்க்கப் போகிறோம், ஏன் இப்போது, எத்தனை வார்த்தை, எத்தனை நாள், இவ்வளவும் அதில் இருக்கணும்.

இப்படிப்பட்ட விஷயத்தை யார் படிப்பார்கள் என்று சந்தேகம் வேண்டாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய 'பாரி' என்ற இணைய இதழ் முழுக்க முழுக்கக் கிராமத்து வாழ்க்கையைப் பற்றியது. அதில் எழுதும் அபர்ணா கார்த்திகேயன் எந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் இல்லாமல் சுயேச்சையாக இயங்கும் பத்திரிகையாளர். தமிழ்நாட்டில் அழிந்துவரும் தொழில்களைப் பற்றி 2019-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே வெளியிட்டார்.

மல்லாட்டை ஆய வரும் அம்மாக்களைப் பாருங்க. எத்தனை படிக்கு எத்தனை படி என்று பேசி முடிக்காமல் செடிக்குப் பக்கத்தில் உட்காருவாங்களா? டிகிரி வாங்கிய நாம் மட்டும் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறோம்!

ஆசிரியர் 'எழுதுங்கள்' என்றதும் நான்கு விஷயங்களை மெயிலிலேயே கேட்டுவிடுங்க. எவ்வளவு? எப்போது? எழுதி முடித்தபின் வேண்டாம் என்றால் ஏதாவது தருவீர்களா? கட்டுரையின் உரிமை யாருக்கு?

கடைசிக் கேள்வியில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, நிறுவனத்தின் ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து கட்டுரை எழுதுகிறவரே அதன் முதல் உரிமையாளர். அந்த உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்து மூலமாக, நம் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம். எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆகவே 'சகல உரிமையும் எங்களுக்கே' என்று ஒரு தாள் வந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. நாளைக்கு உங்கள் கட்டுரைகளை நீங்களே புத்தகமாகப் போடமுடியாமல் போகும்.

கட்டுரை வெளியான அன்றே பில் அனுப்புங்க. பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு இதழிலிருந்து எனக்குப் பணம் வர எட்டு மாதம் ஆனது. பெயர் வேண்டாம். மாதா மாதம் ஒன்றாம் தேதி அதே பில்லை, கோபப்படாமல், 'நினைவூட்டல்' என்று தலைப்பிட்டு அனுப்பினேன். ஒன்பதாவது மெயிலுக்கு வேலை இல்லாமல் போனது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கணும். 1999-இல் தொடங்கிய 'திண்ணை' போன்ற இணைய இதழ்கள் லாப நோக்கம் இல்லாமல் நடத்தப்படுபவை. அங்கே எழுதுவது தமிழுக்குச் செய்யும் தொண்டு, தாராளமாகச் செய்யலாம். ஆனால் விளம்பரம் வாங்கி, ஆபீஸில் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டு, எழுதியவனுக்கு மட்டும் 'உங்களுக்கு நல்ல பெயர் கிடைக்கும்' என்று சொல்வது தொண்டில் சேராது.

இதனால் ஊருக்கு என்ன என்று கேட்கலாம். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்து ஏழு பேர் மாண்டார்கள். நாடு முழுக்கச் செய்தி ஆனது. ஆனால் மலைச்சரிவில் வீடுகள் எப்படி வந்தன, அங்கே இருப்பவர்கள் இனி எங்கே போவார்கள் என்று அடுத்த மழைக்காலம் வரை விடாமல் கேட்க, உள்ளூரில் ஒருவர் வேண்டும். அவருக்கு பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவர் ஏதாவது ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவார். நம் ஊர்க் கதையை வெளியூர்க்காரர் ஒரு பகல் வந்து எழுதிவிட்டுப் போவார்.

தம்பிகளே, தங்கைகளே, நன்றாக எழுதுங்கள். எழுதும் முன் கூலியைப் பேசுங்கள். பேசத் தெரியாவிட்டால் நம் சங்கத்தில் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம், பிட்சைக் காட்டுங்கள், திருத்தித் தருகிறோம். இந்த உதவிக்குக் கொட்டேஷன் கிடையாது!