குறிக்கு மேலே நோக்குதல்

100 மீட்டருக்குப் பொருத்திய தொலைநோக்கியால் 600 மீட்டரிலுள்ள குறியை நேரே நோக்கிச் சுட்டால், குண்டு கீழேதான் பாயும். கைவிட்ட பொருள் 1 வினாடியில் ஏறத்தாழ 5 மீட்டர் விழுமெனப் படித்திருக்கிறீர்கள்; பறக்கும் குண்டையும் புவி அவ்வாறே இழுக்கிறது. ஆகவே, நெடுந்தூரப் போட்டியாளர் குறிக்கு மேலே நோக்குகிறார். எவ்வளவு மேலே என்பதைத் தொலைநோக்கிக் குறுக்கிழையிலுள்ள சிறு கோடுகளால் அளக்கிறார். ஓர் இடைவெளி 1 மில்லிரேடியன் எனில், 100 மீட்டரில் அது 10 சென்டிமீட்டர். 1000 மீட்டரில் 1 மீட்டர். அங்கே அரை இடைவெளி பிசகினால், குண்டு அரை மீட்டர் விலகும்.

எங்கள் மேற்கு மாம்பலத்துக்குத் தெற்கேயுள்ள பரங்கிமலையருகில் 1802-இல் பெரும் நில அளவையைத் தொடங்கிய லாம்டனும் குறுக்கிழை வழியே கோணம் அளந்தவரே. வடிவ கணிதம் எதற்கென வினவுவோர்க்கு இவ்விரண்டும் விடையாகும்.