கடையிலிருந்து ஒரு தபால் அட்டை



வியாபாரத்துக்காகத் தபால் அட்டை அச்சடிக்க நினைக்கிறவர்கள் முதலில் படத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். நான் முகவரியிலிருந்து தொடங்கச் சொல்வேன். யாருக்குப் போகிறது என்று தெரியாத அட்டையில் எத்தனை அழகு இருந்தும் பலன் குறைவு. அமெரிக்காவில் அஞ்சல் விளம்பரத் தொழிலில் நெடுநாளாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. பலனில் நூற்றுக்கு 40 பங்கு முகவரிப் பட்டியலைப் பொறுத்தது, 40 பங்கு நாம் தருவதாகச் சொல்லும் சலுகையை அல்லது சேவையைப் பொறுத்தது, வடிவமைப்புக்கு மீதி 20 பங்குதான் என்பார்கள். எட் மேயர் என்ற விளம்பரக்காரர் சொன்னதாக இதைக் குறிப்பிடுவது வழக்கம். இந்தக் கணக்கை நான் முழுக்க நம்புகிறேன்.

நம் ஊர்க் கடைகளில் அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. பில் புத்தகத்தில் இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். போன வருஷம் கண்ணாடி போட்டவரின் பெயர், தெரு, வாங்கிய தேதி எல்லாம் அந்தப் புத்தகத்தில் உண்டு. அவருக்கு என்ன எழுதலாம்? “ஐயா, நீங்கள் எங்களிடம் கண்ணாடி வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. ஒருமுறை பவர் பார்த்துக்கொள்வது நல்லது. இந்த அட்டையோடு வாருங்கள், பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை.” இவ்வளவு போதும். கூடவே குளிர்கண்ணாடித் தள்ளுபடி, புதிய கிளை, முதலாளியின் படம் என்று அடுக்கினால், வாங்கிப் படிப்பவர் எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பதே தெரியாமல் அட்டையை ஓரமாக வைத்துவிடுவார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அட்டைக்கு உறை கிடையாது. தபால்காரர் பார்ப்பார், வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். வீட்டார் கண்ணிலும் படுவது கடைக்கு நல்லதே. ஆனால் பாக்கித் தொகையையோ, ஒருவரது நோய் விவரத்தையோ அதில் எழுதவே கூடாது. அது அவருடைய மானத்தைத் தெருவில் வைப்பது.

இந்தியாவில் தபால் அட்டை 1879 ஜூலை 1 அன்று கால் அணா விலையில் வந்தது. 2002-ல் அஞ்சல் துறையே விளம்பரத்துக்கென்று ‘மேகதூத்’ அட்டையை வெளியிட்டது. முகவரிப் பக்கத்தில் ஒரு பகுதியை விளம்பரதாரருக்குக் கொடுத்துவிட்டு, மக்களுக்கு 25 காசுக்கு விற்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த அட்டை யார் கைக்குப் போகும் என்று விளம்பரதாரருக்குத் தெரியாது. உங்கள் அட்டை பெயர் சொல்லிப் போகிறது. அந்த வித்தியாசம் பெரிது.

இனி அச்சுக்கு வருவோம். அரசு அட்டையின் அளவு 14 சென்டிமீட்டருக்கு 9. அதே அளவில் போட்டால், 12-க்கு 18 அங்குல ஷீட்டில் ஓரம் வெட்ட இடம் விட்டும் 9 அட்டை அடங்கும். சில நூறு போதுமென்றால் டிஜிட்டல் பிரிண்ட் எடுங்கள். ஆயிரக்கணக்கில் என்றால்தான் ஆஃப்செட் கட்டுபடியாகும், நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட் செலவு இருக்கிறதல்லவா? 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டை கையில் விறைப்பாக நிற்கும். முகவரிப் பக்கத்துக்கு மட்டும் லேமினேஷன் வேண்டாம். வழவழப்பில் பேனா வழுக்கும், அஞ்சல் முத்திரை ஈஷும்.

தமிழ் அச்சில் ஒரு சங்கடம் உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அடர்ந்த வண்ணப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சிறிதாகப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான்கு மையில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் முதலில் அடைபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘கண் பரிசோதனை’ ‘கண பரிசோதனை’ ஆகிவிடும். சிறிய எழுத்தை வெளிர் பின்னணியில், தனிக் கறுப்பில் போடச் சொல்லுங்கள். ஃபைலை அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளைக் ‘கர்வ்’ ஆக்கி, அதாவது கோட்டு வடிவமாக மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால், அங்குள்ள கணினியில் அந்த ஃபான்ட் இல்லாதபோது தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாக மாறிவிடக்கூடும். ப்ரூஃபைக் கைபேசித் திரையில் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். ஒரு தாளில் அசல் அளவில் எடுத்து, வீட்டுப் பெரியவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் அட்டையைத் தள்ளிப் பிடித்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

ஓரத்தில் தடித்த கறுப்புக் கட்டம் போடுவதையும் தவிருங்கள். டிசைனருக்கு அது எடுப்பாகத் தோன்றலாம். ஆனால் கருமாதிப் பத்திரிகை பார்த்துப் பழகிய நம் வீடுகளில், கறுப்பு ஓரம் கண்ட அட்டையைக் கையில் வாங்கியதுமே நெஞ்சு திக்கென்று ஆகும். நல்ல செய்திக்கு மூலையில் மஞ்சள் தடவும் ஊர் இது. அந்த மஞ்சளை அச்சிலேயே கொண்டுவரலாம், நான்கு மூலையிலும் இலேசாக.

முகவரியைக் கையால் எழுதுங்கள் என்பேன். 6 இலக்கப் பின்கோடு தவறாமல் இருக்கட்டும். அச்சிட்ட அட்டைக்குக் கையெழுத்து அட்டையைவிடக் கட்டணம் கூடுதல், முன்கூட்டியே அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தத்தையும் ஒரே நாளில் அனுப்ப வேண்டாம். வாசகத்தை இரண்டு விதமாக எழுதி, ஒன்றின் மூலையில் ‘அ’ என்றும் மற்றதில் ‘ஆ’ என்றும் பொடியாக அச்சிட்டு, ஐம்பது ஐம்பதாக அனுப்பிப் பாருங்கள். கிளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க விளம்பர எழுத்தாளர் 1923-லேயே தம் புத்தகத்தில் வற்புறுத்திய முறை இது. கடைக்குத் திரும்பி வரும் அட்டைகளைக் கல்லாவில் சேர்த்து வைத்து எண்ணினால், எந்த வாசகம் ஆளை அழைத்து வந்தது என்று தெரிந்துவிடும். மீதி அட்டைகளை அந்த வாசகத்திலேயே அடிக்கலாம்.

பொங்கலுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே அச்சகத்தில் பேசிவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் காலண்டர், டைரி வேலை குவிந்து கிடக்கும், உங்கள் சின்ன ஆர்டர் பின்னால் போய்விடும்.